பழைய பிக்கப்புக்கு ஹெட்லைட் ஒயரிங்: பல்பு வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

என் பிக்கப்பில் ஹெட்லைட் மங்கல் என்று இரண்டு முறை பல்பு மாற்றினேன். இரண்டாம் முறை வாங்கியது 100/90 வாட், அதாவது ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90. இரண்டு வாரம் பிரமாதமாக இருந்தது. அப்புறம் ஒரு மழை இரவில் லோ பீம் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. மறுநாள் போனட்டைத் திறந்து வலப்பக்க ஹோல்டரைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த சருகு போல நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு முனை கருகியிருந்தது. உருகிய பிளாஸ்டிக் அதன்மேல் வழிந்து உறைந்திருந்தது.

கோளாறு பல்பில் இல்லை, ஒயரில். அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் கால் மணி நேரமும் போதும். அது தெரியாமல் எனக்கு நான்கு மாதம் போனது.

விஷயம் இதுதான். பழைய பிக்கப்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் பேட்டரியில் கிளம்பி, கேபினுக்குள் வந்து, லைட் சுவிட்சையும் (லோ, ஹை மாற்றும்) டிப்பர் சுவிட்சையும் கடந்து, மறுபடி எஞ்சின் பக்கம் போய், ரேடியேட்டர் ஓரமாக ஓடித்தான் விளக்கைச் சேரும். ஒயர் மெல்லியது. வழியில் நாலைந்து கப்ளர்கள் (ஒயர்களை இணைக்கும் செருகிகள்), எல்லாவற்றிலும் பச்சைக் களிம்பு. 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.023 ஓம் தடை. ஆறு மீட்டர் ஓடினால் 0.14 ஓம். இரண்டு 55 வாட் பல்புகள் சேர்ந்து 9 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒயரிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். களிம்பு தின்பது தனிக் கணக்கு.

1.2 வோல்ட் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் மாறும். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். பெரிய வாட் பல்பு போட்டால் ஆம்பியர் ஏறும், அதனால் இழப்பும் ஏறும், கப்ளர் கருகும். நான் செய்தது அதைத்தான்.

தீர்வு: பேட்டரியிலிருந்து விளக்குக்குத் தடித்த ஒயரைக் குறுக்கு வழியில் போட்டு, நடுவில் ரிலே வைப்பது. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும். ஒரு ரிலேச் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவில்தான் தேவை. இனி படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் அளவெடுங்கள்

எஞ்சினை ஓடவிட்டு, லோ பீம் போட்டு, பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே அளங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. 13க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ முதலில் பாருங்கள், ஒயரிங் அப்புறம். 14.8ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் நல்ல ஒயரிங் போட்டால் பல்புகள் சீக்கிரம் சாகும், ஏனென்றால் 5 சதவீதம் கூடுதல் வோல்ட்டேஜே பல்பின் ஆயுளைப் பாதியாக்கிவிடும்.

அடுத்து, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்து, கறுப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கம் வழியாக லோ பீம் முனையில் தொடுங்கள். மீட்டர் காட்டுவது பிளஸ் பக்க இழப்பு. பிறகு கறுப்பைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை ஹோல்டரின் எர்த் முனையிலும் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் முனை) வையுங்கள். அது எர்த் பக்க இழப்பு. 3ஆம் படியில் வரும் எர்த் சுவிட்ச் வண்டி என்றால், பிளஸ் இழப்பைப் பிளஸ் நிற்கும் முனையிலும் எர்த் இழப்பை லோ முனையிலும் அளங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. பல்பு எரியாதபோது ஆம்பியர் ஓடாது. ஆம்பியர் ஓடாவிட்டால் இழப்பும் தெரியாது. எவ்வளவு கருகிய கப்ளரும் அப்போது முழு 12.6 காட்டி “எல்லாம் சரி” என்று சொல்லிவிடும். நான் காட்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இப்படி அளந்துதான் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தார். பல்பு மாட்டி, எரியும்போது அளக்க வேண்டும்.

பழையபடி 60/55 வாட் பல்பு மாட்டி அளந்தபோது, என் வண்டியில் பேட்டரியில் 13.9, பல்பில் 11.8. பிளஸ் பக்கம் 1.4, எர்த் பக்கம் 0.7. பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே பல்புக்கு வந்திருந்தால் கிடைக்கும் வெளிச்சத்தில் 57 சதவீதம்தான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் மொத்த இழப்பு 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. விளக்கின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறப் பூச்சு உதிர்ந்து சாம்பல் நிறமாகியிருந்தால் எந்த ஒயரிங்கும் காப்பாற்றாது, விளக்கையே மாற்ற வேண்டும்.

எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் ஒப்பிட வேண்டும்.

2. தாள்கள், அனுமதி

உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய ஒயரிங் படம் வேண்டும். ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். ஒரே மாடலாக இருந்தாலும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஒயர் நிறங்கள் மாறியிருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி ஒயரை வெட்டாதீர்கள்.

உங்கள் பகுதி வாகன விதிகளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை வாட் வரை அனுமதி, விளக்கு வகையை மாற்றலாமா. எச்4 பல்பின் (ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன் வகை) வழக்கமான அளவு 60/55 வாட். 100/90 பல்புக்குப் பெரும்பாலான இடங்களில் சாலை அனுமதி இல்லை. ஹாலஜனுக்காகச் செய்த கண்ணாடிக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதற்கும் பல நாடுகளில் தடை உண்டு. எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் எனக்கும் அதில் உடன்பாடில்லை. ரிலேயும் தடித்த ஒயரும் போடுவது வேறு விஷயம், விளக்கின் தன்மை அதனால் மாறுவதில்லை. ஆனாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தீ விபத்து ஏதாவது நடந்தால் முதலில் கேட்கப்படுவது “ஒயரிங்கில் கை வைத்தீர்களா?” என்பதாகத்தான் இருக்கும்.

பழைய சீல்டு பீமை (பல்பைத் தனியாகக் கழற்ற முடியாத, ஒரே கூடாக உள்ள விளக்கு) எடுத்துவிட்டு எச்4 விளக்கு போடுவதாக இருந்தால் கண்ணாடியில் பதித்த முத்திரையைப் படியுங்கள். ஐரோப்பிய தர விளக்கில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் நாட்டு எண்ணும் இருக்கும். அதனருகே அம்புக்குறி இருந்தால் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கானது. அம்பு இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டும் சாலைக்கு. இரு முனை அம்பு என்றால் இரண்டுக்கும். இதைப் பார்க்காமல் வாங்கினால் உங்கள் லோ பீமே எதிர்வண்டியின் முகத்தில் அடிக்கும்.

3. உங்கள் வண்டி பிளஸ் சுவிட்ச்சா, எர்த் சுவிட்ச்சா?

எனக்கு ஒரு முழு நாளை வீணாக்கிய இடம் இது. பல வண்டிகளில் எர்த் நிலையாக இருக்கும், சுவிட்ச் பிளஸ்ஸை அனுப்பும். பழைய ஜப்பானிய பிக்கப்கள் பலவற்றில் இது தலைகீழ்: மூன்று முனைகளில் ஒன்றில் பிளஸ் எப்போதும் நிற்கும், டிப்பர் சுவிட்ச் லோவையோ ஹையையோ எர்த்தோடு சேர்க்கும். முதல் வகைக்காகச் செய்த ரெடிமேட் ஹார்னஸை (ரிலே, ஒயர், ஹோல்டர் எல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) இரண்டாவது வகையில் மாட்டினால் ரிலே இயங்காது, அல்லது தாறுமாறாக இயங்கும்.

சோதிப்பது சுலபம். இரண்டு பக்க ஹோல்டர்களையும் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கப் பல்பின் இழை வழியாக வோல்ட்டேஜ் திரும்பி வந்து பொய் சொல்லும். என் ஒரு நாள் போனது அதில்தான். மீட்டரின் கறுப்பைப் பேட்டரி மைனஸில் வைத்து மூன்று முனைகளையும் தொட்டுப் பாருங்கள்.

லோவில் ஒரு முனையும் ஹையில் வேறொரு முனையும் 12 காட்டினால் பிளஸ் சுவிட்ச். லோ, ஹை இரண்டிலும் அதே ஒரு முனை மட்டும் 12 காட்டினால் எர்த் சுவிட்ச். எர்த் சுவிட்ச் என்றால் சிவப்பை அந்தப் பிளஸ் முனைக்கு மாற்றி, கறுப்பால் மற்ற இரண்டையும் தொடுங்கள். லோவில் எது 12 காட்டுகிறதோ அது லோ ஒயர்.

டேஷ்போர்டில் ஆம்மீட்டர் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். இருந்தால் புது ஒயருக்கான பிளஸ்ஸைப் பேட்டரியிலிருந்து எடுக்காமல் ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டிலிருந்து எடுப்பது நல்லது. பேட்டரியில் எடுத்தால் ஹெட்லைட் ஆம்பியர் முழுவதும் அந்த வயதான ஆம்மீட்டர் வழியாகத்தான் பேட்டரிப் பக்கம் வர வேண்டியிருக்கும்.

4. என்ன வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது

ரிலே இரண்டு, லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர். சாக்கெட்டோடு வாங்குங்கள். பேட்டரி பக்க ஒயர் 4 சதுர மி.மீ., விளக்குக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ., ரிலேயை இயக்க 0.75 போதும். மூடியோடு ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு. லோவுக்கு 15 ஆம்பியர், ஹைக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ். நான்கு விளக்கு வண்டியில் ஹை பீம் நான்கும் சேர்ந்து 20க்கு மிக அருகில் போகும். அங்கே இடம், வலம் தனித்தனி ஃபியூஸாகப் பிரியுங்கள். லோவுக்கும் ஹைக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் போடவே கூடாது. அது போனால் இரவில், வளைவில், மொத்தமாக இருட்டு.

பீங்கான் எச்4 ஹோல்டர் ஒரு ஜோடி. பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளிவுக் குழாய், திம்பிள்கள் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்).

செலவில் பெரியது நல்ல கிரிம்பிங் பிளையர், அதாவது திம்பிளை ஒயரோடு நசுக்கி இறுக்கும் கருவி. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள், இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிளையர் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு ஜோடி நல்ல புது ஹெட்லைட்டின் விலை வராது. நேரம் இல்லாதவர்கள் ரெடிமேட் ஹார்னஸ் வாங்கலாம். ஆனால் ஒயரின் வெளித்தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவானவற்றில் தடித்த பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய கம்பி இருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்: தடை அதிகம், கிரிம்ப் செய்த இடத்தில் முறியும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு: ஹார்னஸ் கட்ட மூன்று நான்கு மணி, வண்டியில் பொருத்த மூன்று மணி, ஒளி நேர்செய்ய ஒரு மணி. முதல் முறை என்றால் இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் இருக்க முடிகிற சமயமாகப் பாருங்கள். நான் மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்து, ஏழு மணிக்கு ஹெட்லைட்டே இல்லாத வண்டியோடு நின்றேன்.

5. ஹார்னஸை மேசையில் கட்டுங்கள்

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர். 87லிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டும் சுருள்.

பிளஸ் சுவிட்ச் வண்டியில் 86க்குப் பழைய ஹோல்டரின் லோ (அல்லது ஹை) ஒயர், 85 எர்த்துக்கு. எர்த் சுவிட்ச் வண்டியில் இரண்டு ரிலேகளின் 86ஐயும் பழைய ஹோல்டரின் பிளஸ் முனைக்கும், 85ஐ முறையே லோ, ஹை ஒயர்களுக்கும் கொடுங்கள். உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) உள்ள ரிலே என்றால் 85, 86ஐ இடம் மாற்றக் கூடாது. மூடியில் உள்ள படத்தில் டயோடு குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து முனை ரிலேயில் ஒரு கண்ணி இருக்கிறது. நடுமுனை சிலவற்றில் 87, சிலவற்றில் 87ஏ. 87ஏ என்பது ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும் முனை. விளக்கை அதில் கொடுத்தால் சுவிட்சை அணைத்ததும் விளக்கு எரியும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

பழைய ஒயரை வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்துப் பழைய ஹோல்டருக்குள் செருகும்படி ஒரு ஆண் பிளக் செய்து ரிலேக்கான சிக்னலை அங்கிருந்தே எடுங்கள். மறுபக்கப் பழைய ஹோல்டரைத் தண்ணீர் புகாமல் மூடிக் கட்டிவிடுங்கள். பின்னால் ஹார்னஸ் சிக்கல் செய்தால் அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்டி வீடு வந்து சேரலாம்.

இணைப்புகளை கிரிம்ப் செய்து ஸ்லீவ் போடுங்கள். ஒயரின் மேலேயே கடித்துக்கொள்ளும் நீல நிறக் கிளிப்கள் மழையில் களிம்பு பிடிக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு கிரிம்ப்பையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். எனக்கு 22இல் மூன்று கழன்று வந்தன.

6. வண்டியில் பொருத்துவது

முதல் வேலை, பேட்டரி மைனஸைக் கழற்றுவது. கடைசி வேலை, ஃபியூஸ்களைச் செருகுவது.

ஃபியூஸ் ஹோல்டரைப் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அது தகட்டில் உரசினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். ரிலேகளை எக்சாஸ்ட் பக்கம் இல்லாத இடத்தில், முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேனிலிருந்து ஒதுக்கிக் கட்டுங்கள்.

பல்பைக் கண்ணாடியில் தொடாமல் உலோகத்தில் பிடித்து மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

7. எர்த்தை விட்டுவிடாதீர்கள்

ரிலே போட்ட பலர் பிளஸ் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, எர்த்தைப் பழைய மெல்லிய ஒயரிலேயே விடுகிறார்கள். என் வண்டியில் மொத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு எர்த்தில்தான் இருந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 ஒயர் தனியாக. முன்பக்கத் தகட்டின் மூட்டுகளில் துரு ஏறியிருக்கும், அதை நம்பாமல் ஒயரைப் பேட்டரி மைனஸ் வரை கொண்டுபோங்கள். தகட்டில்தான் மாட்டுவேன் என்றால் பெயின்டை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

8. சோதனை

லோ, ஹை இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எச்4 பல்பில் இரு இழைகளும் சேர்ந்து எரியக் கூடாது, சூடு தாங்காது. டேஷ்போர்டின் நீல விளக்கையும் கவனியுங்கள். சில எர்த் சுவிட்ச் வண்டிகளில் அதற்கு மின்சாரம் பல்பின் இழை வழியாகத்தான் வருகிறது. இழை இருந்த இடத்தில் ரிலேச் சுருள் வந்ததும் அது மங்கலாம். அப்படியானால் ஒயரிங் படத்தைப் பார்த்து, நீல விளக்கைப் பழைய இணைப்பிலிருந்து பிரித்து, ஹை ரிலேயின் 87லிருந்து சிறு ஃபியூஸோடு தனி ஒயரும் தனி எர்த்தும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு முதல் படியில் அளந்த அதே நான்கு எண்களை மறுபடி அளங்கள். எனக்குப் பல்பில் 13.6 வந்தது, மொத்த இழப்பு 0.3. அதே 60/55 பல்பில், முன்பு இருந்ததைவிட 60 சதவீதம் அதிக வெளிச்சம். இருபது நிமிடம் எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர் உட்பட, விரலால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே கிரிம்ப் சரியில்லை.

9. ஒளியை நேர்செய்தல்

வெளிச்சம் கூடியதும் பழைய கோணல் இன்னும் அதிகமாகத் தெரியும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 10 செ.மீ. கீழே விழ வேண்டும், உயரமான வண்டியில் இன்னும் கீழே. உங்கள் விதிநூலில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

பிக்கப்புக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் சுமை ஏற்றியதும் முன்பக்கம் தூக்கும், பீமும் தூக்கும். காலி வண்டியில் கச்சிதமாக வைத்துவிட்டு மறுநாள் சுமையோடு போனேன். எதிரே வந்த ஒவ்வொருவரும் ஹை பீம் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து நேர்செய்யுங்கள். காலியாகப் போகும்போது பீம் கொஞ்சம் கிட்டே விழும், அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பொருள் வாங்கிய பில்லையும், எந்த ரிலே எதற்கு என்று கையால் வரைந்த படத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு கிளவ் பாக்ஸில் வையுங்கள். கூடவே 15, 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டும் ஒரு ரிலேயும் இருக்கட்டும்.